கால்சியம் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால்: வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நைட் டியூட்டி. விடியற்காலை ஐந்து மணிக்கு லேபிலிருந்து போன். "சிஸ்டர், உங்க வார்டு பேஷண்டுக்குக் கால்சியம் 3.1, பொட்டாசியம் 11." வெலவெலத்துப்போய்க் கட்டிலுக்கு ஓடினால், அந்தப் பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அந்த அளவு உண்மையாக இருந்தால் அவருக்குப் பன் தின்னத் தெம்பு இருந்திருக்காது. தவறு என்னுடையது. ரத்தம் எடுத்து ஊதா மூடி டியூபில் ஊற்றியவள், அதில் கூடிப்போய்விட்டதே என்று கொஞ்சத்தை அடுத்த டியூபில் சாய்த்திருந்தேன். ஊதா மூடி டியூபில் இருக்கும் மருந்து இடிடிஏ. ரத்தம் உறையாமல் இருக்க அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது பொட்டாசியம் உப்பாகத்தான் டியூபில் இருக்கிறது. ஆகவே கால்சியம் காணாமல் போகும், பொட்டாசியம் எகிறும். இந்த இரண்டும் சேர்ந்து வந்து, ஆள் நன்றாக இருந்தால், முதலில் டியூபைச் சந்தேகப்படுங்கள். புதிதாக ரத்தம் எடுத்து அனுப்புங்கள்.

வேலூர்ப் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேல் சர்ஜரி வார்டுகளில் வேலை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு பேட்ச் புதுப் பிள்ளைகளுக்கும் வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். மருந்தும் அளவும் டாக்டர் எழுதுவதுதான். ஆனால் எழுதியதைக் கையால் கொடுப்பது நாம். என்ன கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுக்கக் கூடாது.

முதல் படி: ரிப்போர்ட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் போங்கள்

பெரியவர்களுக்கு ரத்தக் கால்சியம் 100 மில்லிக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கும். அதற்குக் கீழே போனால் நரம்பும் தசையும் சும்மா இருக்காது, தொட்டதற்கெல்லாம் துள்ளும். நோயாளி அதை எப்படிச் சொல்வார் என்பதைத்தான் நீங்கள் முதலில் கற்க வேண்டும். "பரஸ்தீசியா" என்று எந்த நோயாளியும் சொல்லமாட்டார். உதட்டைச் சுற்றி எறும்பு ஊறுது, விரல் நுனி மதமதன்னு இருக்குது, கெண்டைக்கால் கொரக்களி பிடிக்குது, கை இழுத்துக்கிச்சு என்பார்கள். குடியாத்தம் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் "திம்மிரி" என்பார்கள். ஆற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் திமிரியைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்று நான் ஒருமுறை ஏமாந்தேன். பிறகு யோசித்தால் நம் தமிழிலும் மரத்துப்போவதற்குத் திமிர் என்று பழைய சொல் இருக்கிறது. காட்பாடியில் ரயில் இறங்கி வரும் வங்காளக்காரர்கள் "ஜின்ஜின்" என்பார்கள். இந்திக்காரர்கள் "ஜுன்ஜுனி". இந்த நான்கைந்து சொற்களை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மொழி தெரியவில்லை என்று ஒரு புகாரைத் தவறவிடுவதற்கு வேலூரில் வாய்ப்பு அதிகம்.

தைராய்டு ஆபரேஷன் முடிந்த ஒரு அக்கா, இரண்டாம் நாள் மதியம் "உதடு மரத்துப்போற மாதிரி இருக்குது சிஸ்டர்" என்றார். மயக்க மருந்தின் மிச்சம், சரியாயிடும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். இரண்டு மணி நேரத்தில் அவருடைய இரண்டு கைகளும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் குவிந்து நின்றுவிட்டன. விரிக்க முடியவில்லை. பயத்தில் அவர் இன்னும் வேகமாக மூச்சு விட, இழுப்பு இன்னும் கூடியது. மயக்க மருந்து இரண்டாம் நாள் உதட்டில் மட்டும் உட்கார்ந்திருக்காது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அதிலிருந்து கழுத்தில் கட்டுப் போட்ட யார் உதடு, விரல் என்று வாயெடுத்தாலும் நான் முதலில் ரத்தம் எடுக்கச் சொல்லிவிடுவேன்.

கட்டிலருகே சோதிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பிபி கஃபைக் கையில் கட்டி, மேல் அழுத்தத்தை விட 20 கூட்டிக் காற்றடித்து மூன்று நிமிடம் வைப்பது. கால்சியம் குறைந்தவருக்குக் கை குவிந்து இழுக்கும். 1861-இல் ட்ரூசோ என்ற பிரெஞ்சு டாக்டர் சொன்னது. இன்னொன்று, காதுக்கு முன்னால் முக நரம்பை விரலால் தட்டினால் அந்தப் பக்கத்து உதட்டோரம் துடிப்பது. இது ச்வோஸ்டெக் என்ற டாக்டர் சொன்னது. இரண்டாவதை நான் பெரிதாக நம்புவதில்லை. கால்சியம் நன்றாக இருப்பவர்களிலும் பத்தில் ஒருவருக்காவது துடிக்கும். முதலாவது நம்பகமானது, ஆனால் நோயாளிக்கு வலிக்கும். அறிகுறி ஏற்கெனவே பளிச்சென்று தெரிகிறவருக்கு இதை வேறு செய்து பார்க்காதீர்கள்.

இனி வருவதைப் பார்த்தால் நிற்காதீர்கள், டியூட்டி டாக்டரை ஓடிப்போய்க் கூப்பிடுங்கள்: மூச்சு இழுக்கும்போது கீச்சென்ற சத்தம், குரல் அடைப்பு, ஃபிட்ஸ், கை கால் இழுப்பு, நெஞ்சு படபடப்பு, மயக்கம். கீச்சென்ற சத்தம் குரல்வளை இறுகுவதால் வருவது. கழுத்தில் ஆபரேஷன் ஆனவர் என்றால் உள்ளே ரத்தம் கட்டியும் அப்படி வரலாம், அது இன்னும் அவசரம். ஆக்சிஜன் வையுங்கள், தலைப்பக்கம் உயர்த்துங்கள், ஈசிஜி எடுங்கள். கால்சியம் குறைந்தால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி, அதாவது இதயத்தின் கீழறைகள் ஒருமுறை சுருங்கி மீள எடுக்கும் நேரம், நீளும். அது நீண்டுகொண்டே போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

அடுத்த படி: அந்த எண் உண்மைதானா

ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தில் ஏறக்குறைய பாதிதான் தனியாக நின்று வேலை செய்கிறது. மீதியில் பெரும்பகுதி ஆல்புமின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். லேப் சாதாரணமாகத் தரும் எண் இரண்டையும் சேர்த்தது. பல நாள் சாப்பிடாமல் கிடந்தவர், கல்லீரல் கெட்டவர், சிறுநீரில் புரதம் போகிறவர் இவர்களுக்கெல்லாம் ஆல்புமின் குறைந்திருக்கும். கூடவே மொத்தக் கால்சியமும் குறைவாகத் தெரியும். வேலை செய்யும் கால்சியம் அப்படியே இருக்கலாம்.

கணக்கு சுலபம். 4-இலிருந்து நோயாளியின் ஆல்புமினைக் கழியுங்கள், வந்ததை 0.8-ஆல் பெருக்கிக் கால்சியத்தோடு கூட்டுங்கள். கால்சியம் 7.4, ஆல்புமின் 2 என்று வைத்துக்கொள்வோம். 4-இல் 2 போக 2. அதை 0.8-ஆல் பெருக்கினால் 1.6. கூட்டினால் 9. ஒன்றும் இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. ஐசியூ நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகக் கைகொடுக்காது. அங்கே தனியாக நிற்கும் கால்சியத்தையே நேராக அளப்பார்கள், "அயனைஸ்டு கால்சியம்" என்று ரிப்போர்ட்டில் வரும். ஒரு லிட்டருக்கு 1.1-லிருந்து 1.3 மில்லிமோல் வரை இருக்க வேண்டும் என்று நினைவில் வைத்தால் போதும். அதற்கான ரத்தம் காற்றுப் படாமல், சீக்கிரமாக மெஷினுக்குப் போக வேண்டும்.

பயந்துபோய் வேகமாக மூச்சு விடுகிறவர்களுக்கும் விரல் இழுக்கும். ரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால் ஆல்புமின் அதிகக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. மொத்த அளவு மாறாமலே இழுப்பு வரும். அதற்காக ஆபரேஷன் ஆனவரைப் பார்த்து "இது பதட்டம்" என்று எழுதிவிடாதீர்கள். அந்த அக்காவைப் போல இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

மூன்றாம் படி: ஊசி

அறிகுறி கடுமையாக இருந்தாலோ, ஆல்புமின் கணக்குப் போட்டுச் சரிசெய்த அளவு 7.5-க்குக் கீழே சட்டென்று இறங்கியிருந்தாலோ பெரும்பாலும் கால்சியம் குளுக்கோனேட் எழுதுவார்கள். பத்து சதவீத மருந்து, 10 மில்லி ஆம்பூல். அதில் ஒரு கிராம் மருந்து இருக்கிறது, ஆனால் சுத்தக் கால்சியம் சுமார் 93 மில்லிகிராம்தான். ஆர்டரில் கிராம் என்று எழுதியிருந்தால் அது மருந்தின் எடையா, கால்சியத்தின் எடையா என்று கேளுங்கள். இந்தக் குழப்பம் சீனியர்களுக்கும் வரும். கால்சியம் குளோரைடு என்ற இன்னொன்று இருக்கிறது. ஒரே அளவு ஆம்பூலில் மூன்று மடங்கு கால்சியம். ஊசி ஏறும் ரத்த நரம்பையும் அது அதிகம் எரிக்கும். டிரேயில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால், லேபிளை இரண்டு முறை படியுங்கள்.

வழக்கமான ஆர்டர், ஒன்று அல்லது இரண்டு ஆம்பூலை 50 மில்லி டெக்ஸ்ட்ரோஸில் கலந்து 10 முதல் 20 நிமிடத்தில் ஏற்றுவது. அவசரம் என்று சடாரென்று தள்ளினால் இதயத் துடிப்பு மெதுவாகி நின்றே போகலாம். எனவே மானிட்டர் மாட்டாமல் தொடங்காதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். ஏறும்போது நோயாளி உடம்பெல்லாம் சூடு பரவுது என்பார், வேகத்தைக் குறையுங்கள். டிகாக்ஸின் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவரா என்று கேஸ் ஷீட்டில் பாருங்கள். அவர்களுக்கு இன்னும் மெதுவாக, இன்னும் கவனமாக.

மருந்து ஏற்றக் கையில் செருகி வைக்கும் வென்ஃப்ளான் பற்றி ஒரு வார்த்தை. கால்சியம் ரத்த நரம்புக்கு வெளியே கசிந்தால் தோல் வெந்து கறுத்துப் போகும், அடியில் சுண்ணாம்புக் கட்டியே உண்டாகும். புறங்கையில் நூல் மாதிரி இருக்கும் நரம்பில் மூன்று நாள் பழசான வென்ஃப்ளான் வழியாக இதை ஏற்றாதீர்கள். நல்ல பெரிய நரம்பாகப் பாருங்கள், சேலைன் தள்ளிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எரியுது என்றால் நிறுத்துங்கள். சோடா பைகார்ப், பாஸ்பேட் இவற்றோடு ஒரே லைனில் போட்டால் உள்ளே சுண்ணாம்பாகத் திரியும். செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியும் இதோடு ஒரே லைனில் கூடாது. பச்சைக் குழந்தைகளுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

ஊசி போட்டதும் விரல் விரியும், நோயாளி சிரிப்பார், சொந்தக்காரர்கள் கும்பிடுவார்கள். ஏமாந்துவிடாதீர்கள். இதன் பலன் இரண்டு மூன்று மணி நேரம்தான். அதற்குள் டிரிப்பாகத் தொடர்ந்து ஏற்றவோ மாத்திரை தொடங்கவோ ஏற்பாடு ஆகியிருக்க வேண்டும். ஹேண்ட்ஓவரில் "கால்சியம் கொடுத்தாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால், அடுத்த ஷிஃப்ட் பிள்ளை மாட்டிக்கொள்வாள். எத்தனை மணிக்கு முடிந்தது, அடுத்த ரத்தம் எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள்.

ஏன் குறைந்தது

இந்த இடத்தில்தான் நான் உங்களைப் பிடித்து நிறுத்த விரும்புகிறேன். கால்சியம் குறைவு ஒரு நோயே இல்லை, வேறு ஏதோ நடந்ததன் விளைவு. காரணத்தைப் பிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

எங்கள் வார்டில் முதல் காரணம் கழுத்து ஆபரேஷன். தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் பாராதைராய்டு என்று நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. கால்சியம் இறங்கினால் எலும்பிலிருந்து எடுத்துக்கொடு, சிறுநீரில் போகவிடாதே என்று உத்தரவு போடுவது அவைதான். அவற்றை முதலில் கண்டவர் வெட்டியது மனிதரை அல்ல, லண்டன் மிருகக்காட்சிசாலையில் செத்துப்போன இந்தியக் காண்டாமிருகத்தை. மனிதரில் 1880-இல் சாண்ட்ஸ்ட்ரோம் கண்டுபிடித்தார். தைராய்டு முழுவதையும் எடுக்கும்போது இந்த அரிசி மணிகளுக்கு ரத்த ஓட்டம் அடிபடலாம், சில நேரம் அவையும் சேர்ந்து வந்துவிடலாம். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் மூன்றாம் நாளில்தான் கால்சியம் அடிமட்டத்துக்கு இறங்கும். அதற்குள் "நல்லாயிருக்காங்க" என்று வீட்டுக்கு அனுப்பும் காலம் இது, ஆகவே அனுப்பும்போது சொல்லி அனுப்புவது அவசியம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சுரப்பிகள் எழுந்துவிடும். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் மாத்திரைதான். பாராதைராய்டில் கட்டி வந்து எடுத்தவர்களுக்கு வேறு கதை. அதுவரை கட்டியின் உத்தரவுக்குக் கால்சியத்தைக் கொடுத்துக் கொடுத்து மெலிந்த எலும்பு, கட்டி போனதும் பசியோடு கால்சியத்தை உறிஞ்சத் தொடங்கும். இவர்களுக்கு நாள் கணக்கில் டிரிப் ஓடும்.

இரண்டாவது வைட்டமின் டி. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைப் பற்றி ஒரு பட்டியல் சொல்வார்கள். அதில் வெயில் இருந்தும் வைட்டமின் டி இல்லாத உடம்பு என்று நான் ஒன்று சேர்ப்பேன். இந்த ஊர் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்பதால்தான் எல்லோரும் அதிலிருந்து ஒளிகிறோம். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குக் காலையில் வேனில் ஏறி இருட்டிய பிறகு திரும்பும் பெண்கள், குடியாத்தம் பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்கள், ஏசி அறையில் வேலை பார்க்கும் நாம், யாருக்குத் தோலில் வெயில் படுகிறது? வைட்டமின் டி இல்லையென்றால் சாப்பிட்ட கால்சியம் குடலைத் தாண்டாது. தாய்க்கு இது குறைந்திருந்தால் கைக்குழந்தை ஃபிட்ஸோடு வரும். காய்ச்சல் இல்லாமல் ஃபிட்ஸ் வந்த குழந்தைக்குக் கால்சியம் பார்க்காமல் விடமாட்டார்கள்.

மூன்றாவது சிறுநீரகம். வைட்டமின் டியை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் கடைசிப் படி சிறுநீரகத்தில்தான் நடக்கிறது. அது கெட்டால் அந்த மாற்றம் நிற்கும், பாஸ்பேட் ஏறும், கால்சியம் இறங்கும். டயாலிசிஸ் நோயாளிக்கு எண் குறைந்திருக்கிறது என்பதற்காக அறிகுறி எதுவும் இல்லாதபோது ஊசிக்கு ஓட வேண்டாம். பாஸ்பேட் கூடியிருக்கும் ரத்தத்தில் கால்சியத்தைக் கொட்டினால் இரண்டும் சேர்ந்து ரத்தக் குழாயில் படியும்.

நான்காவதைத்தான் பலரும் மறக்கிறார்கள்: மக்னீசியம். அது குறைந்தால் பாராதைராய்டு தன் ஹார்மோனைச் சுரக்காது, சுரந்ததும் வேலை செய்யாது. குடிப்பழக்கம், நீண்ட நாள் பேதி, வருடக்கணக்கில் பாண்டோப்ரசோல் மாதிரி அசிடிட்டி மாத்திரை, நீர் பிரிய வைக்கும் ஃப்ரூஸ்மைடு, புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் இவற்றில் எது இருந்தாலும் மக்னீசியத்துக்கு ரத்தம் போயிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு நாளாகக் கால்சியம் ஏற்றியும் எண் நகரவில்லை என்றால், கேட்டே ஆகவேண்டும். மக்னீசியம் கொடுத்த பிறகுதான் கால்சியம் ஏறும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணையம் வீங்கினால் சுற்றியுள்ள கொழுப்பில் கால்சியம் சோப்புப் போல் படிந்துவிடும். அடுத்தடுத்து பல பாட்டில் ரத்தம் ஏற்றினால் அதிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடிக்கும். வருடக்கணக்கில் ஃபிட்ஸுக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுகிறவருக்கு வைட்டமின் டி சீக்கிரம் செலவாகிப் போகும். எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கு ஸோலட்ரானிக் ஆசிட் போடும் முன் வைட்டமின் டி பார்த்துச் சரிசெய்யவில்லை என்றால், போட்ட சில நாளில் கால்சியம் சரியும்.

வீட்டுக்கு அனுப்பும் நாள்

தவறுகள் அதிகம் நடப்பது வார்டில் அல்ல, வீட்டில். மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து "டாக்டர் எழுதின மாதிரி சாப்பிடுங்க" என்றால் போதாது.

கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு. அது கரைய வயிற்று அமிலம் வேண்டும். 1250 மில்லிகிராம் மாத்திரையில் சுத்தக் கால்சியம் 500-தான். கால்சியம் சிட்ரேட்டை எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம், அசிடிட்டி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதுதான் பொருந்தும். தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி. இரும்புச் சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்கக் கூடாது. சிலர் எல்லாவற்றையும் ஒரே கையில் போட்டு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, "எல்லாம் கரெக்டா சாப்பிட்டேன் சிஸ்டர்" என்பார்கள்.

வைட்டமின் டியில் இரண்டு விதம். 60,000 யூனிட் பாக்கெட் வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் எட்டு வாரம். கால்சிட்ரியால் கேப்ஸ்யூல் தினம், வேலை செய்யத் தயாரான வடிவம். பாராதைராய்டு இல்லாதவருக்கும் சிறுநீரகம் கெட்டவருக்கும் அதுதான் வேண்டும். வாரப் பாக்கெட்டைத் தினமும் கலக்கிக் குடித்து, கால்சியம் தலைகீழாக ஏறி, வாந்தியும் குழப்பமுமாகத் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் பாக்கெட் மேலேயே "ஞாயிறு" என்று மார்க்கரால் எழுதிவிடுவேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். நம் ஊர்க் கேழ்வரகுக் களியும் கூழும் இதில் கெட்டி. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் 240 இருக்கும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் நல்லது. பசலைக்கீரையில் இருப்பது உடம்பில் சரியாகச் சேராது. ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு 1000 மில்லிகிராம் தேவை என்பது ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கு. ஆனால் இதெல்லாம் ஆரோக்கியமானவர் எலும்பைக் காப்பாற்ற. பாராதைராய்டு போனவர் களி தின்று மாத்திரையை நிறுத்தினால் நான்காம் நாள் கை இழுத்துக்கொண்டு வருவார். சிறுநீரக நோயாளிக்குப் பாலும் கேழ்வரகும் டயட்டீஷியன் சொன்ன அளவுதான்.

அப்புறம், எண்ணை எங்கே நிறுத்துவது? பாராதைராய்டு இல்லாதவருக்கு 8-லிருந்து 8.5 போதும். 10-க்கு ஏற்றினால் சிறுநீரில் கால்சியம் கொட்டிக் கல் சேரும். அடுத்த ரத்தப் பரிசோதனை தேதியைச் சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். உதடு ஊறினால் என்ன செய்வது, எந்த நேரத்திலும் எங்கே போவது என்பதை நோயாளியிடம் மட்டுமல்ல, கூட வந்தவரிடமும் சொல்லி, அவர் வாயால் திருப்பிச் சொல்லவையுங்கள்.

கடைசியாக, அவர் எந்த ஊர் என்று கேளுங்கள். அணைக்கட்டு என்ற ஊருக்கு மேலே மலையடிவாரம் என்றாலோ, இரண்டு நாள் ரயில் பயணம் என்றாலோ, கால்சிட்ரியால் அவர் ஊர் மெடிக்கலில் கிடைக்காமல் போகலாம். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் ஒரு மாத மாத்திரையை வாங்கி, ஒரு வாரத்துக்கானதைத் தனியாகக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். பெட்டியில் வைத்தது ரயிலில் சீட்டுக்கு அடியில் போய்விடும், ராத்திரி வேளை மாத்திரைக்கு யாரும் குனிந்து எடுக்கமாட்டார்கள்.